மோதிரம் பெற்ற நடிகர்

ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் நடிகர்க்கே உரிய மோதிரம் ஒன்று உண்டு. இஃப்லாண்ட் என்னும் பழம்பெரும் நடிகரின் உருவம் பதித்தது அது. அதனை உடையவர், தமக்குப் பின் அது எவரைச் சேரவேண்டும் என்று எழுதிவைத்து மறைவார். விண்ணப்பமும் இல்லை, போட்டியும் இல்லை. 1996-ஆம் ஆண்டில் யோசப் மைன்ராட் மறைந்தபோது, அம்மோதிரம் புரூனோ கன்ஸ் என்பவரைச் சேர்ந்தது.

கன்ஸ் 1941-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். தந்தையார் இயந்திரத் தொழிலாளி. தாயார் வட இத்தாலியர். நாடகத்தில் கொண்ட வேட்கையால் கன்ஸ் பள்ளிப் படிப்பை முடிக்காமலே விட்டார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று மேடைகளில் நடித்தார். 1970-இல் பெர்லினில் இயக்குநர் பீட்டர் ஸ்டைன் முதலியோருடன் சேர்ந்து ஷௌபூனே நாடக அரங்கின் புதிய குழுவை உருவாக்கினார். அக்குழுவில் எந்த நாடகத்தை நடிப்பது என்பது குறித்து நடிகர்களும் கருத்துரைத்தனர். அடுத்த ஆண்டில் அவர்கள் நடித்த இப்சனின் நாடகமொன்றில், தலைவன் வேடத்தை ஆறு நடிகர்கள் பகிர்ந்து ஏற்றனர். கன்ஸ் அவர்களுள் ஒருவர். புகழைப் பங்கிட்டுக்கொள்ள எல்லா நடிகரும் இசைவரோ?

1987-இல் விம் வெண்டர்ஸ் இயக்கிய திரைப்படம் ஒன்றில் கன்ஸ் வானதூதராக வந்தார். சுவரால் பிளவுண்டிருந்த பெர்லின் நகர மாந்தரின் மனக்குரல்களை அத்தூதர் கேட்டுத் திரிகிறார். ஒரு பெண்ணின்மீது கொண்ட அன்பினால் மனிதராகிறார். அதன்பின்னரே அவர் வண்ணங்களைக் காண்கிறார். காப்பியின் சுவையையும் அறிகிறார். குழந்தையின் வியப்பு அம்முகத்தில் மலர்வதைக் கண்டோர் எளிதில் மறவார்.

அதே முகம் 2004-இல் ஹிட்லராகவும் மாறியது. 1945-இல் நிலவறையில் கழிந்த அக்கொடுங்கோலனின் இறுதி நாள்களைக் காட்டும் படம் அது. மேடையில் முழங்கிய ஹிட்லரின் குரலை உலகம் அறியும். தனித்துப் பேசும் குரலை அறிந்தவர் சிலரே. 1942-இல் பின்லாந்தில் அவன் உரையாடியபோது மறைவாகப் பதிவு செய்யப்பட்ட சில நிமிடப் பேச்சைக் கன்ஸ் கூர்ந்து கேட்டுப் பயின்றார். கை நடுக்கத்தை உள்ளவாறு காட்டுதற்காக, நடுக்குவாத நோயாளரை மருத்துவமனையில் கண்டறிந்தார்.

இப்படம் வெளிவந்தபோது வாதம் எழுந்தது. கோடிக்கணக்கானோரை மாய்த்தவனை மனிதனாகக் காட்டலாமா என்று சிலர் வினவினர். வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், அக்கொடுமைகளைச் செய்தது பூதமன்று, மனிதனே என்னும் உண்மைதான் நம்மை மிகுதியும் அஞ்சச்செய்கிறது. கன்ஸின் நடிப்பு இரக்கம் வேண்டவில்லை. அவ்வச்சத்தையே நம் முன் நிறுத்தியது என்பது எம் கருத்து.

திரைப்புகழ் பெற்றும் அவர் மேடையை மறக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஸ்டைன், கெதேயின் 'பாஸ்ட்' நாடகத்தின் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட அடிகளையும் விடாது அரங்கேற்றினார். ஒத்திகையில் காயமுற்ற கன்ஸ், உடல் தேறியபின் தலைமை வேடம் ஏற்றார். 2015-இல் 'ஹைடி' திரைப்படத்தில் ஆல்ப்ஸ் மலையில் வாழும் பாட்டனாராக நடித்தார்.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் 77-ஆம் வயதில் கன்ஸ் மறைந்தார். அவர் எழுதிவைத்திருந்த பெயர் யென்ஸ் ஹார்ட்சர் என்பது. தம்மினும் முப்பதாண்டு இளைய அந்நடிகருக்கே மோதிரத்தை விட்டுச் சென்றிருந்தார்.