கலகத் தெருவில் பிறந்த நடனம்

1992-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தீப்பற்றி எரிந்தது. கறுப்பினத்தவரான ராட்னி கிங்கை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டதே காரணம். 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே, முன்பு போதைப்பொருள் விற்றுச் சிறை சென்று மீண்ட தாமஸ் ஜான்சன் என்பவர், கோமாளி வேடமிட்டுப் பிறந்தநாள் விழாக்களில் ஆடத் தொடங்கினார். தெருக்கும்பல்கள் வலைவீசிய விடலைப் பிள்ளைகள் அவர் பின்னே திரண்டனர்.

அதிலிருந்து கிளைத்ததே 'க்ரம்ப்' ஆட்டம். மார்பை விம்மச் செய்து, கைகளை வீசி, நிலம் அதிர மிதித்து ஆடுவர், ஒருவரையொருவர் அடிப்பதில்லை. உள்ளத்துச் சினம் ஆட்டத்தில் கரைகிறது. ஆடியோருள் பலர் அதனை இறைப்புகழ்ச்சியாகவே கருதினர், ஆலயத்திலும் ஆடினர். பேழையின்முன் தாவீது அரசர் ஆடியதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

எனினும் நடனம் மட்டும் போதாது. அங்கு ஆடிய சிறுமி ஒருத்தி துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதை, 2005-இல் வெளிவந்த 'ரைஸ்' ஆவணப்படம் மறைக்கவில்லை. ஆட்டம் பிள்ளையை ஈர்க்கும். அவனைப் பெயர்சொல்லி அழைத்து, வராத நாளில் தேடிச்செல்லும் பெரியவரே அவனைக் காப்பார்.

அன்புப் பெற்றோரே! பிள்ளைகள் ஆடினால் கடிந்து துரத்தாதீர்கள். எங்கே, யாரோடு ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு மாலை நேரில் சென்று பாருங்கள்.