மாவு தேடும் வண்டு

வாங்கிவந்து சுவரோரம் சாத்திவைத்த மாம்பலகையை நகர்த்தினால், தரையில் வெள்ளையாக மாவு கொட்டிக் கிடக்கிறது. பலகையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் நாலைந்து துளைகள். ஓசூரில் கார் ஷெட்டிலும் மொட்டை மாடியிலும் தச்சுவேலை பழகுகிறவர்களுக்கு இது புதிதல்ல. "பூச்சி அடிச்சிருச்சு" என்று மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் மாவு கொட்டும்.

கொட்டத்தான் செய்யும். துளை என்பது வண்டு நுழைந்த வழியல்ல, வளர்ந்து முடிந்து வெளியேறிய வழி. அதன் உடன்பிறப்புகள் இன்னும் உள்ளே புழுவாக இருக்கின்றன. மேலே தடவிய மண்ணெண்ணெய் அவ்வளவு ஆழம் இறங்காது. வெளியே வந்த பெண் வண்டும் வெகுதூரம் போவதில்லை. பெரும்பாலும் அதே பலகையில், அல்லது பக்கத்துப் பலகையில் முட்டையிடுகிறது.

இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் லிக்டஸ் இனத்து வண்டு. நம் நாட்டில் அதிகம் காணப்படுவது லிக்டஸ் ஆப்ரிகானஸ். அரிசி வண்டைவிடச் சற்று நீளமான, ஒல்லியான, பழுப்பு நிற உடம்பு. அது விட்டுப்போகும் தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், முகப்பவுடர்போல வழுக்கும். தூள் சற்று நறநறவென்று, துளையும் மூன்று மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அது வேறு வண்டு. பட்டை உரிக்காமல் ஈரமாகப் போட்டுவைத்த மரத்தில் ஏறும் சைனாக்சைலான் வகையாக இருக்கலாம்.

லிக்டஸ் புழு மரத்தையே தின்று வாழ்வதாக நினைக்கிறோம். உண்மையில் மரத்தின் பெரும்பகுதியான செல்லுலோஸைச் செரிக்க அதற்கு வழியில்லை. மரத்துக்குள் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அதன் உணவு. அந்தக் கொஞ்சம் மாவுக்காகப் பலகையையே குடைந்து, செரிக்காததைத் தூளாக வெளியே தள்ளுகிறது. பிரிட்டனில் ஈ. ஏ. பார்க்கின் 1930களில் இந்த வண்டுக்கும் மாவுச்சத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தார். முட்டையிடும் முன் பெண் வண்டு மரத்தின் மேல்பரப்பைக் கடித்துச் சுவைத்துப் பார்க்கிறது. பிடித்திருந்தால், மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய நுண்குழாய்களுக்குள் முட்டையிடும் உறுப்பை நீட்டி முட்டை வைக்கிறது. குழாய் குறுகலாக இருந்தால் அங்கே அதற்கு வேலை இல்லை.

எந்தப் பலகையை வாங்கலாம் என்பதற்கான விடை இதிலேயே இருக்கிறது. மரத்தின் நடுவே வைரம் பாய்ந்த பகுதியில் மாவுச்சத்து இல்லை. சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில்தான் இருக்கிறது. தேக்காகவே இருந்தாலும் வெள்ளை வெள்ளைதான். ரப்பர் மரத்தில் தனியாக வைரம் என்று பிரிந்து தெரிவதே இல்லை, மாவுச்சத்தோ ஏராளம். மாமரத்திலும் வைரம் தெளிவாகப் பிரிவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மாந்தோப்புகளின் பூமி. காய்ப்பு நின்ற மரங்கள் அறுப்பு மில்லுக்கு வந்து பேக்கிங் பெட்டிகளாகின்றன, மலிவுப் பலகைகளாகின்றன. அறுத்த மாம்பலகையைச் சும்மா போட்டுவைத்தால் வண்டு வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்தது பழைய பேலட். தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் இறக்குமதி இயந்திரங்கள் வந்த பைன் பேலட்டுகளைப் பிரித்து மேசை, அலமாரி செய்வது இப்போது பலருக்குப் பிடித்த வேலை. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் மேற்சொன்ன நுண்குழாய்களே இல்லை. ஆகவே லிக்டஸ் அதை அண்டாது. ஆனால் கரையான் விடாது. பேலட் காலில் கதிர்ச் சின்னத்தோடு ஒரு முத்திரை குத்தியிருக்கும். 2002இல் வந்த சர்வதேச விதிப்படியான அடையாளம் அது. எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் தொடர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது. வீட்டுச் சாமானுக்கு அதை நான் எடுக்கமாட்டேன். ஒன்றை மறக்கக் கூடாது. வெப்பம் அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றது, அவ்வளவுதான். நாளை வருவதை அது தடுக்காது.

கரையான் கதை வேறு. வண்டு செரிக்க முடியாத செல்லுலோஸ்தான் அதன் இலக்கு. ஒடன்டோடெர்மஸ் வகைக் கரையான்கள் மரத்தை மென்று புற்றுக்குள் கொண்டுபோய், அதன்மேல் பூஞ்சை வளர்த்து உண்கின்றன. அவை மண்ணிலிருந்து வருபவை, ஈரம் தேவை, வெளிச்சத்தில் நடக்கப் பயந்து மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுபவை. பலகையைத் தரையிலும் சுவரிலும் படாமல் இரும்புச் சட்டத்தில் அடுக்கினால் அந்த மண்குழாய் கண்ணில் படும், தட்டிவிடலாம். பெங்களூரு மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்போன்ற ஆய்வகங்கள், பலவகை மரக்கட்டைகளை மண்ணில் புதைத்துவைத்து எது எத்தனை காலம் தாங்குகிறது என்று பார்க்கின்றன. 'மயானச் சோதனை' என்றே அதற்குப் பெயர்.

மற்ற பூச்சிகளால் பெரிய நட்டமில்லை. பன்றிமுடி பிரஷ்ஷை அந்துப்பூச்சி கத்தரிக்கும், வஜ்ஜிரப் பசையில் செய்த உப்புத்தாளைக் கரப்பான் சுரண்டும். மூடியுள்ள டப்பா போதும்.

வண்டுக்கு நம் ஊரில் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: மூங்கிலையும் மரத்தையும் வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடுவது. மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்தும் நொதித்தும் குறைந்துவிடும். ரப்பர் மரத்தை அறுத்த கையோடு போரான் கரைசலில் முக்குவது இன்றைய முறை. ஒரு பங்கு போரிக் அமிலத்துக்கு ஒன்றரைப் பங்கு வெண்காரம் என்பது இங்கே வழக்கத்திலுள்ள கலவை. ஈரமான மரத்தில் அது உள்ளே ஊடுருவும். காய்ந்த பலகையில் தடவினால் மேலோட்டமாகத்தான் நிற்கும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கே பொருந்தும். கரைசலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மாவு கொட்டும் பலகையை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, கீழே கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். பழைய தூளைத் தட்டிவிட்ட பிறகும் புதுத் தூள் விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. வெள்ளைப் பகுதியை அறுத்து எரித்துவிடுவதே நல்லது. நல்ல பலகையில் செய்த சாமானுக்கு வார்னிஷ் அடிக்கும்போது பின்பக்கம், அடிப்பக்கம், இழுப்பறையின் உள்பக்கம் என எதையும் விடக் கூடாது. பூச்சு நுண்குழாய்களின் வாயை அடைத்துவிடுவதால் வண்டால் முட்டையிட முடியாது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று பூசாமல் விட்ட பின்பலகையில்தான் அது வைக்கும்.