இளவரசனின் உள்ளுணர்வும் உளவியலாளரின் தர்க்கமும்

'ஆளைப் பார்த்தவுடனேயே தெரியும்' என்ற வசனத்தைக் கேட்காமல் நம்மவர் மத்தியில் ஒரு கிழமையைக் கழிப்பது கடினம். பாரிசிலும் ரொறொன்ரோவிலும் அது இலக்கியச் சந்திப்புகளின் ஓரத்தில் சொல்லப்படுகிறது. இங்கே வளைகுடாவில், எட்டுப்பேர் படுக்கும் அறைக்கு ஒன்பதாமவர் பெட்டியுடன் வந்து நிற்கும்போது சொல்லப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையாத இந்நாடுகளில் விசா போனவருக்குப் போக்கிடமில்லை. ஆகவே இந்தத் 'தெரியும்' எத்தகைய அறிவு என்பது வெறும் தத்துவக் கேள்வியல்ல.

எங்கள் தங்குமிடத்து இளைஞர்கள் விளையாடும் 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'விலிருந்து தொடங்கலாம். 1989இல் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இவ்விளையாட்டில் வரும் பாரசீக இளவரசனுக்கு, 2003இல் வெளிவந்த பாகத்தில் ஒரு மாயக் குத்துவாள் கிடைக்கிறது. அவன் சுவரில் ஓடுகிறான், தூணுக்குத் தூண் தாவுகிறான், யோசித்து நிற்பதில்லை. தவறி விழுந்தால் குத்துவாள் காலத்தைச் சில விநாடிகள் பின்னோக்கி ஓட்டுகிறது. குத்துவாளின் மணல் தீர்ந்து அவன் இறந்தே போனாலும், கதைசொல்லியான அவனது குரலே, நடந்தது அப்படியல்ல என்று திருத்திக்கொண்டு மீண்டும் தொடங்குகிறது. இளவரசனின் உள்ளுணர்வு என்று நாம் வியப்பது உண்மையில் விளையாடுபவன் நூறுமுறை விழுந்து பெற்ற பயிற்சி. அந்த உலகில் ஒரே தூரம் எப்போதும் ஒரே தூரம்தான். பிழை விட்டால் மறுகணமே தெரிந்துவிடும்.

இந்த இரண்டு விடயங்களையும்தான் உளவியலாளர் இருவர் நிபந்தனைகளாக வகுத்தனர். ஒருவர் கேரி கிளைன், உள்ளுணர்வின் பக்கம் நின்றவர். தீயணைப்பு அதிகாரி ஒருவர் காரணம் தெரியாமலே தன் ஆட்களை வீட்டிலிருந்து வெளியேற்றியதையும், உடனே நிலம் இடிந்து விழுந்ததையும் அவர் ஆராய்ந்தார். தீ நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. எரியும் அளவுக்குச் சத்தம் இல்லை, வெக்கை மிகை. பழகிய உடல் அந்தப் பொருத்தமின்மையை அறிந்திருந்தது. மற்றவர் டானியல் கானமன் (1934-2024), சந்தேகி. நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் பிரான்சில் வளர்ந்த யூதச் சிறுவன். பின்னர் இஸ்ரேலிய இராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்கு ஆட்களைத் தெரிந்தவர். முன்பின் அறியாத எட்டுப்பேர் ஒரு மரக்குற்றியைச் சுவருக்கு மேலால் கடத்துவதைப் பார்த்து, யார் தலைவன், யார் கோழை என்று அவரும் சகாக்களும் உறுதியாகச் சொன்னார்கள். பயிற்சிக் கல்லூரியிலிருந்து பெறுபேறுகள் வந்தபோது அவர்களது கணிப்பு குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேலானது என்று தெரிந்தது. ஆச்சரியம், அடுத்த குழுவைப் பார்த்தபோதும் அதே உறுதி.

எதிரெதிராய் நின்ற இருவரும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையின் சாரம் இது: சூழல் ஒழுங்குடையதாக இருந்து, அதைப் போதியளவு பழகிப் பிழையை உடனுக்குடன் அறிய வாய்ப்பும் இருந்தால், உள்ளுணர்வை நம்பலாம். மனதில் எழும் உறுதி மட்டும் சான்றாகாது.

நான் வேலை செய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில், அச்சு இறுகும் சத்தத்தைக் கேட்டே மெஷினை நிறுத்தும் மலையாளி ஒருவர் இருக்கிறார். அவரது காதை நான் நம்புகிறேன். ஆனால் வெளியே வெயிலில் 'எனக்குத் தாங்கும்' என்பவரை நம்பமாட்டேன். வெக்கை தாக்கும்போது முதலில் தடுமாறுவது தீர்ப்புச் சொல்லவேண்டிய மூளையே. அதனால்தான் ஐக்கிய அரபு இராச்சியத்தில் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை செய்விப்பது தடை. கத்தார் 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், வெப்பம், ஈரப்பதன், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த சுட்டி 32.1 பாகையைத் தாண்டினால் வேலை நிற்கவேண்டும் என்றது. அங்கே உடலை உடலிடம் கேட்பதில்லை.

இனி நம்மிடம் வருவோம். யுத்தம் நமது காதுகளைப் பழக்கியது. ஹெலியா, பொம்மரா, சகடையா, கிபிரா என்று சத்தத்தில் பிரித்தறிந்தோம். ஷெல் குத்தும் ஒலி கேட்டதும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம். கணத்தில் விடை தெரியும் கல்வி அது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. வினை என்னவென்றால், அதே நம்பிக்கையை மனிதர்களை எடைபோடவும் கொண்டுபோனோம். மின்கம்பத்தில் கட்டப்பட்டவர் திரும்பிவந்து 'நான் அவனில்லை' என்று சொல்லவில்லை. இராணுவத்தின் முன் முகமூடியோடு நின்ற தலையாட்டிக்கும் அவன் தலையசைப்பு சரியா பிழையா என்று யாரும் அறிவிக்கவில்லை. மறுப்பு வராததையே நிரூபணமாக எடுத்துக்கொண்டார்கள், எல்லாத் தரப்பினரும். குத்துவாள் யார் கையிலும் இருக்கவில்லை.

கானமன் 1955இல் கண்ட மாற்றுவழி எளியது. ஆறு குணங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த விடயங்களை மட்டும் கேட்டு, தனித்தனியே புள்ளியிடச் செய்தார். நேர்முகம் காண்போர் முணுமுணுத்தபோது, கடைசியில் கண்ணை மூடி மனம் சொல்லும் புள்ளியையும் போட அனுமதித்தார். அந்தக் கடைசிப் புள்ளியும் நன்றாகவே பலித்தது, தகவலுக்குப் பின் வந்ததால்.

நமது அறையிலும் முதலில் கேள்விதான் வருகிறது: 'ஊரில எவடம்?' பதிலுக்குள் சாதியும் இயக்கமும் தேடப்படுகின்றன. அவர் என்ன வேலை பழகியவர், முந்திய இடத்தில் எத்தனை மாதம் சம்பளம் நிலுவை என்பதெல்லாம் யாருக்காவது காய்ச்சல் வந்து அவர் கஞ்சி வைத்துக் கொடுத்த பிறகே தெரியவருகிறது.