நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள்!

மும்பையில் நாய் வளர்ப்பது பங்களாக்காரர்களின் விஷயம் மட்டும் அல்ல. தாராவி, சயான், செம்பூர் பக்கங்களில் ஒற்றை அறையில் குடியிருக்கும் நம்மவர்களும், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று குட்டி வாங்குகிறார்கள். என்ன ஜாதி, என்ன விலை என்று கேட்கிறார்கள். "இதன் தாய் எங்கே?" என்று மட்டும் கேட்பதில்லை.

கூண்டில் கிடக்கும் தாய்

கடையில் குட்டிகள் துள்ளி விளையாடும். தாய் அங்கே இருக்காது. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு ஷெட்டில், கம்பிக் கூண்டுக்குள் கிடக்கும். பெட்டை நாய் சாதாரணமாக ஆண்டுக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். பேராசை பிடித்த வியாபாரி ஒரு பருவத்தையும் வீணாக்குவதில்லை. ஈன்ற உடம்பு தேறும் முன்பே மறுபடியும் இணை சேர்க்கிறான். ஈனுவது நின்றுபோனால் அந்த நாயால் அவனுக்கு லாபம் இல்லை. பிறகு அதற்குச் சோறு போடுவானா?

ஆறாம் நாள் செத்த குட்டி

என்னுடன் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், போனஸ் பணத்தில் மகளுக்கு லாப்ரடார் குட்டி வாங்கினார். மூன்றாம் நாள் வாந்தி, ரத்த பேதி. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு "பார்வோ" என்றார். ஆறாம் நாள் குட்டி செத்தது. "ஊசி எல்லாம் போட்டாச்சுன்னுதானே அண்ணாச்சி சொன்னான்!" என்று புலம்பினார். ஊசி போட்ட அட்டை இல்லை. ரசீதும் இல்லை. மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பார்வோ கிருமி புகுந்து நோய் வெளியே தெரிய 3 முதல் 7 நாள் வரை ஆகலாம். ஆகவே, விற்கிற அன்று குட்டி விளையாடுவது ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி ஆகாது.

சட்டம் இருக்கிறது

நாய்களை இனவிருத்தி செய்து விற்பதற்கு மத்திய அரசு 2017-ல் தனி விதிகள் கொண்டுவந்தது. வளர்ப்பவர் மாநில மிருக நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

ஆனால் சட்டம் தானாகக் கூண்டைத் திறந்து பார்க்காது. 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தபோது, முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய்தான்! வியாபாரி பயப்படுவது அபராதத்துக்கு அல்ல. குட்டி விற்காமல் போவதற்குத்தான்.

என்ன கேட்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். ஊசி அட்டையில் வைத்தியர் கையெழுத்து, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். "தாய் கிராமத்தில் இருக்கிறது", "வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறேன், ஸ்டேஷன் வாசலில் கூடையில் தருகிறேன்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நோஞ்சான் குட்டியைப் பார்த்து இரக்கப்பட்டும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த ஈற்று நடக்கிறது.

விளம்பரம் பார்த்து மயங்காதீர்கள்

2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் 'பக்' நாய் வந்ததும் ஊரெல்லாம் அதற்குக் கிராக்கி. மூக்கு சப்பையான அந்த ஜாதி, வெயிலில் மூச்சுவிடத் திணறும். பனிப் பிரதேசத்து 'ஹஸ்கி' மும்பைப் புழுக்கத்தில் என்ன பாடுபடும்?

நம்மூர் ராஜபாளையம் நாய் 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்தது. பெருமைதான். ஆனால் அது ஓட இடம் கேட்கும் வேட்டை நாய். பத்துக்குப் பத்து அறையில் சங்கிலியில் கட்டிப் போட்டால் அதுவும் ஒரு கூண்டுதான். ரயிலில் கொண்டுவருவதும் லேசல்ல. ஸ்லீப்பர் பெட்டியில் அனுமதி கிடையாது. கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் ஏற்ற வேண்டிவரும்.

வாசலில் நிற்பது யார்?

நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். அத்தனை வருஷமும் தீனி, ஊசி, வைத்தியச் செலவு உண்டு. லீவில் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இத்தனைக்கும் துணிந்தவர்கள், விலை கொடுக்கும் முன் தெருக்குட்டி ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு அதற்கு. மிருக நலச் சங்கங்கள் வழியாகவும் எடுத்து வளர்க்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை ஆபரேஷனும் செய்துவிட்டால், வீட்டுக்கும் காவல், தெருவுக்கும் நிம்மதி.

தாயைக் காட்டாதவனிடம் குட்டி வாங்குவதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் உறுதியாக இருந்தால், அந்த ஷெட்டுகளுக்கு ஒருநாள் தானாகப் பூட்டு விழும்.