வித்தியாசாகரர் எழுதிய பதில்

காலேஜ் தெருவில் பழைய நூல்களைப் புரட்டச் செல்லும் நம் நண்பர்கள், அருகிலுள்ள சமஸ்கிருதக் கல்லூரியைக் கண்டிருப்பார்கள். 1824-இல் அரசாங்கப் பணத்தில் தொடங்கிய கல்லூரி அது. ஆயினும் பிராமணருக்கும், வங்காளத்து 'வைத்திய' குலத்தாருக்கும் மட்டுமே அங்கு இடம் இருந்தது.

பிற சாதியாரையும் சேர்க்கலாமா என்று 1851-இல் கல்விச் சபை கேட்டது. முதல்வர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் பதில் எழுதினார். பண்டிதர்களுக்கோ இதில் சம்மதமில்லை. அவர் சாத்திரத்தைக் கொண்டே வாதாடினார்: வைத்தியரும் சூத்திரராகவே கருதப்படுபவர், அவர்களைச் சேர்க்கும்போது மற்றச் சூத்திரரைத் தடுப்பானேன்? எவ்வளவு நேரான கேள்வி!

ஆனால் அதே கடிதத்தில், இப்போதைக்குக் காயஸ்தரை மட்டும் சேர்த்தால் போதும் என்றார். ஏனையோர் சமூக மதிப்பில் தாழ்ந்தவர்கள். அவர்கள் வந்தால் கல்லூரியின் நலன் கெடும் என்பது அவர் கூறிய காரணம். விதவை மறுமணத்துக்காகப் பின்னர் ஊரையே எதிர்த்து நின்ற மனிதரா இப்படி எழுதினார்? படிக்கும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது. பண்டிதர்களைச் சமாளிக்க வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை போலும்.

அவ்வாண்டே காயஸ்தர் சேர்ந்தனர். மற்றவர்கள் காத்திருந்தனர். 1854 இறுதியில்தான் விதி மேலும் தளர்ந்தது. அப்போதும் 'மதிப்புள்ள' இந்துக்கள் சேரலாம் என்றே இருந்தது.