கிழட்டுப் படகுக்கு மறு உயிர்!

சென்னை நொச்சிக்குப்பம் கரையில் கிடக்கும் பழைய பைபர் படகுகளைப் பார்த்து, "இதெல்லாம் இனி தேறுமா?" என்றுதானே கேட்கிறீங்க? தேறும்!

2004 சுனாமிக்குப் பிறகு இங்கே கட்டுமரம் குறைந்து, பைபர் படகு பெருகியது. பைபர் மக்காது. ஆனால், எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் உளுத்துவிடும். நடுக்கடலில் எஞ்சின் கழன்றால் உயிருக்கே ஆபத்து!

அதனால் உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கணும். விரிசலைச் சுரண்டி, காயவைத்து, கண்ணாடி இழையும் ரெசினும் போட்டு ஒட்டணும். ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. உப்பேறிய எஞ்சினையும் பிரித்துச் சுத்தம் செய்யணும்.

பலன் என்ன? பிடிபட்ட மீனில் ஆளுக்கு ஒரு பங்கு. படகுக்கும் தனிப் பங்கு உண்டு. சொந்தப் படகு என்றால் அந்தப் பங்கும் வீட்டுக்கே!