பிணைந்த துகளின் தனிக் கணக்கு

ஒரு பொருளை முற்ற அறிந்தவன் அதன் உறுப்புகளையும் முற்ற அறிந்திருப்பான் என்று நம் நித்திய அனுபவம் சொல்லிக்கொண்டிருக்க, குவாண்டம் உலகில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை என்று 1935-இல் எழுதினார் ஆஸ்திரிய விஞ்ஞானி எர்வின் ஷ்ரோடிங்கர். ஒன்றோடொன்று பிணைந்த இரு துகள்களின் கூட்டு நிலையை எள்ளளவும் ஐயமின்றி நாம் அறிந்திருந்தபோதிலும், அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து அதன் நிலை யாது என வினவினால், கிடைப்பது குறுக்கிய அடர்த்தி அணி என்னும் ஒரு சிறு எண் கட்டமே. அடர்த்தி அணியை 1927-இல் வான் நாய்மனும், அப்போது பத்தொன்பதே வயதான லாண்டாவும் தனித்தனியே பௌதிக சாஸ்திரத்துக்குக் கொணர்ந்தனர்.

இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி இரண்டும் மேல்நோக்கியிருப்பதற்கு 0.8, இரண்டும் கீழ்நோக்கியிருப்பதற்கு 0.6 என வீச்சுகள் இருப்பதாகக் கொள்வோம். இவற்றின் வர்க்கங்களாகிய 0.64-உம் 0.36-உம் நிகழ்தகவுகள். கூட்டு நிலையின் அணியில் பதினாறு இடங்கள் உண்டெனினும், பூஜ்யமல்லாதவை நான்கே: மூலைவிட்டத்தில் அவ்விரு நிகழ்தகவுகள், அதற்கு வெளியே, 0.8-ஐ 0.6-ஆல் பெருக்கிவந்த 0.48 இருமுறை. இனி இரண்டாம் எலெக்ட்ரானைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். பாடநூல்கள் 'பகுதிச் சுவடு எடுக்க' என்று ஒரே வரியில் கடந்துவிடும் இவ்விடத்தில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. வரிசையிலும் நிரலிலும் இரண்டாம் எலெக்ட்ரான் ஒரே நிலையில் இருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் எலெக்ட்ரானின் நிலைகள் ஒத்துவருபவற்றைக் கூட்ட வேண்டும். 0.48 நிற்கும் இடங்களிலோ இரண்டாம் எலெக்ட்ரான் ஒருபுறம் மேலாகவும் மறுபுறம் கீழாகவும் இருப்பதால், அவை உதிர்ந்துபோக, மூலைவிட்டத்தில் 0.64-உம் 0.36-உம் மட்டுமே எஞ்சுகின்றன.

உதிர்ந்ததால் நேர்ந்தது என்ன? அதே வீச்சுகளுடன் பிணைப்பின்றித் தனித்து நிற்கும் எலெக்ட்ரானை, மேல்கீழாக அன்றிப் பக்கவாட்டில் உரிய அச்சில் அளந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை வலப்பக்கம் என்றே விடை வரும். பிணைந்ததை அவ்வாறே அளந்தால் ஐம்பதுக்கு ஐம்பதுதான். இதைக் கொண்டு, அது முன்னரே மேலென்றோ கீழென்றோ முடிவாகி நமக்கு மட்டும் மறைந்திருக்கிறது என முடிவுகட்டுவது அவசரம். அப்படியாயின் இரண்டையும் பக்கவாட்டில் அளக்கும்போது அவை ஒத்துப்போவது பாதி முறைதான் இருக்க வேண்டும்; கணக்கிட்டுப் பார்த்தாலோ, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை இரண்டும் ஒரே பக்கத்தையே காட்டுகின்றன.